நாலாவது கூடைக்கு எறிந்த தட்டு

நாச்சிமுத்து எறிந்த தட்டு தூங்குமூஞ்சி மரத்தின் உச்சியைத் தாண்டி, இடதுபக்கம் சற்றே சாய்ந்து, எப்போதும் இறங்கத் தொடங்கும் இடத்துக்கு வந்து சேர்ந்து, இறங்காமல் அங்கேயே சுழன்றுகொண்டு நின்றது.

"இறங்கலீங்களே," என்றார் திருமூர்த்தி.

"காத்துங்க சம்மந்தி. இப்ப வந்துரும்."

காற்று இல்லை. மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. இருவரும் நெற்றிக்கு மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் அவர்களைப் பார்த்துவிட்டு மேலே பார்த்து, மேலே பார்த்தபடியே ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தபோதும் தட்டு அங்கேயே இருந்தது. ஆரஞ்சு நிறத் தட்டு. சாம்பார்ச் சட்டியின் மூடி அளவுதான் இருக்கும்.

சங்கிலிக் கூடைக்குள் தட்டெறியும் அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. கூடையிலிருந்து யாருடைய தட்டு அதிக தூரத்தில் கிடக்கிறதோ அவர்தான் அடுத்து எறிய வேண்டும், விழுந்த இடத்தில் நின்றுதான் எறிய வேண்டும். திருமூர்த்தியின் வெள்ளைத் தட்டு தண்ணீர் வற்றிய குட்டையின் கரையில் அருகம்புல்லுக்குள் கிடந்தது. நாச்சிமுத்துவின் தட்டு விழாதவரை எது தூரம், எது பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது.

"எடுத்துக்கிட்டுப் போயிரலாமுங்களா?" என்று நாச்சிமுத்து வெள்ளைத் தட்டைக் காட்டிக் கேட்டார்.

"அதெப்படீங்க? ஆட்டம் முடியலீங்களே. கெடக்கட்டும்," என்றார் திருமூர்த்தி. தட்டை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

நாச்சிமுத்துவின் மகள் சிந்துஜாவும் திருமூர்த்தியின் மகன் கௌதமும் கல்யாணம் முடிந்து அமெரிக்காவில் இருந்தார்கள். முந்தின வருடம் இரண்டு தகப்பன்மாரும் அங்கே போயிருந்தபோது, பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் பக்கத்துப் பூங்காவில் உட்கார்ந்து, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகளை நோக்கி ஆட்கள் தட்டெறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துப் பார்த்து ஒருநாள் எழுந்துபோய் எறியவும் செய்தார்கள். பேசுவதற்கு அதிகம் இல்லாத இரண்டு சம்பந்திகளுக்கு அது வசதியாக இருந்தது. ஊருக்குத் திரும்பியதும், கணபதி பகுதியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த திருமூர்த்தி, ஊஞ்சல் சங்கிலியை வாங்கி ஆறு கூடைகளைச் செய்தார். மாநகராட்சியில் சொல்லி, பூங்காவில் ஆறு இடத்தில் நட்டார்கள். முதல் கூடை வாசல் பாதாம் மரத்தடியில், நாலாவது குட்டைக்கு அந்தப் பக்கம், கடைசிக் கூடை ஊஞ்சல்களுக்குப் பின்னால். ஊஞ்சலில் ஆடிய பிள்ளைகளின் சங்கிலியும் கூடையின் சங்கிலியும் ஒரே சத்தம் போட்டன.

ஒவ்வொரு கூடை முடிந்ததும் எத்தனை முறை எறிந்தோம் என்பதை அவரவரே சொல்ல வேண்டும். அடுத்தவர் "சரிங்க" என்று சொல்லிவிட வேண்டும். திருமூர்த்தி சொல்லும்போதெல்லாம் நாச்சிமுத்து "சரிங்க" என்றார், ஆனால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டி விரலில் தனியாக எண்ணி வந்தார். திருமூர்த்தி ஒருமுறைகூடக் குறைத்துச் சொன்னதில்லை. மனுசன் இவ்வளவு சுத்தமாக இருக்க முடியுமா என்பதுதான் நாச்சிமுத்துவுக்கு உறுத்தல். பெண்ணைக் கொடுத்தவன் எண்ணத்தான் வேண்டும் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

தட்டு நின்ற அன்றைக்கு, மூன்றாவது கூடையின் சங்கிலிச் சத்தம் அடங்குவதற்குள் சிந்துஜா போன் செய்திருந்தாள். சாப்பிட்டீங்களாப்பா, முட்டிவலி எப்படி இருக்கு, மழை உண்டா என்று கேட்டாள். பிறகு கொஞ்சம் சத்தமே இல்லை. "வரட்டுங்களாப்பா?" என்றாள். விடுதியில் தங்கிப் படித்த காலத்திலிருந்து அவள் அப்படித்தான் விடைபெறுவாள். தோளில் பையோடு வாசல்படியில் நின்று "வரட்டுங்களாப்பா?" என்பாள், அவர் செய்தித்தாளுக்குள்ளிருந்து "ம், சரி" என்பார். அவள் அம்மா போன பிறகு அந்த இரண்டு வார்த்தைதான் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் தவறாமல் நடந்து வந்தது. இன்றைக்கும் "ம், சரி" என்று சொல்லிப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பினார். திருமூர்த்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாச்சிமுத்து பார்த்ததும் சட்டென்று பார்வையைச் சங்கிலிக்கு மாற்றிக்கொண்டார். அடுத்த கூடைக்கு எறிந்த தட்டுதான் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு சிந்துஜா போன் செய்யவில்லை. இவர் கூப்பிட்டால் எடுப்பதில்லை. எடுத்தாலும் "வேலையா இருக்கேங்ப்பா" என்று வைத்துவிடுகிறாள். மாப்பிள்ளையின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அங்கே என்ன நடக்கிறது என்பது திருமூர்த்திக்குத் தெரியும், தெரிந்துகொண்டே வாயை மூடியிருக்கிறார் என்று நாச்சிமுத்து முடிவு கட்டினார். அந்தப் பார்வைக்கு வேறு என்ன அர்த்தம்?

தட்டு இறங்காததற்கு முதலில் பூங்காவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காந்தம் என்றார்கள், பட்டத்து நூல் என்றார்கள், பக்கத்து அடுக்குமாடியில் வைத்த செல்போன் கோபுரம் என்றார்கள். பிறகு காரணம் சொல்வது அலுத்துப்போய், வேப்பமரத்தைப் போல, உடைந்த நீரூற்றைப் போல அதுவும் அங்கே இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். மைனாக்கள் அதன் மேல் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பறந்தன. மாநகராட்சிப் பொறியாளர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு வந்து அண்ணாந்து பார்த்தார். மறுநாள் வாசலில் 'மேலே உள்ள தட்டுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று பலகை வைத்தார்கள். யாரோ நாலாவது கூடையின் கம்பத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள், யாரோ சங்கிலியில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள்.

பிறகு தட்டு நகர ஆரம்பித்தது. மெதுவாக, மாடு மேய்வதைப் போல. அதை அண்ணாந்து பார்த்தால் கண் கூசியதால் எல்லோரும் தரையில் அதன் நிழலைத்தான் பார்த்தார்கள். வெயில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நிழல் நேர் கீழேதான் விழுந்தது. ஒருநாள் காலையில் அது சிரிப்புச் சங்கத்தின் நடுவே போய், வட்டமாக நின்று கைகளைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தவர்களில் செயலாளர் கோதண்டபாணியின் காலடியில் நின்றுகொண்டது. அவர் ஒரு அடி தள்ளி நின்றார், நிழலும் தள்ளி நின்றது. மற்றவர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. அவர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, தம்பியோடு தான் பேசிப் பல வருடம் ஆகிறது என்றும், அம்மாவின் சாவுக்கு அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை என்றும் சொல்லிப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். நிழல் அவரை விட்டு நகர்ந்தது.

குட்டைக்கரையில் கூடு வைத்திருந்த ஆள்காட்டிக் குருவி, யாராவது பக்கத்தில் வந்தால் கத்தி ஊரைக் கூட்டும். அந்தக் குருவியின் பெயரையே தட்டுக்கும் வைத்தார்கள். ஆள்காட்டி இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் காலையில் உள்ளே நுழைந்தார்கள். வீட்டில் மெட்டி காணாமல் போனதற்கு வேலைக்காரம்மாவை ஒரு மாமியார் அழைத்துவந்து திடலில் நிறுத்தினார், நிழல் வந்து மாமியார் மேலேயே நின்றது. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள், பையனை ஒரு நடை பூங்காவுக்குக் கூட்டிப்போய் வரலாமா என்று கேட்டார்கள். தன் மேல் வந்து நிற்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது என்று சிலர் தாங்களாகவே சொன்னார்கள். ரோஜாப் பதியனைத் திருடியதை, பக்கத்து வீட்டு வைஃபையில் படம் பார்த்ததை, சர்க்கரை இல்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வாசல் கடையில் ஜிலேபி தின்றதை. சின்னதைச் சொல்லிப் பெரியதைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்று கேட்டவர்கள் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டினார்கள்.

குடைகள் வந்தன. மழையும் வெயிலும் இல்லாத காலை நேரத்தில் குடை பிடித்துக்கொண்டு நடந்தார்கள். குடைக்கு மேல் நிழல் விழுந்தால் கீழே இருப்பவருக்குத் தெரியாது, பக்கத்தில் வருபவருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் குடை பிடித்தவர் எதற்காகப் பிடித்தார் என்ற கேள்வி உடனே வந்தது. குடை இல்லாமல் நிமிர்ந்து நடந்தவரையும் விடவில்லை. ஒன்றும் இல்லாதவன் எதற்கு இவ்வளவு நெஞ்சை விரித்து நடக்கிறான் என்றார்கள். புருசன் பொண்டாட்டிகள் ஒரே குடைக்குள் வந்தார்கள், தனித்தனிக் குடையில் வந்தவர்களைப் பற்றிப் பேசினார்கள்.

திருமூர்த்தியும் குடையோடு வந்தார். மரக் கைப்பிடி போட்ட பெரிய கறுப்புக் குடை. தினமும் வந்து, குட்டைக்கரையில் தன் தட்டு கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தட்டைத் தொடவில்லை. அதைச் சுற்றிப் புல் வளர்ந்தது, விளிம்பில் எறும்புகள் மண் கட்டின.

நாச்சிமுத்து குடை இல்லாமல் நடந்தார். அவர் மேல் நிழல் விழவில்லை. அது அவர் எறிந்த தட்டு, எறிந்தவனை அது என்ன செய்யும் என்று பூங்காவில் ஒரு பேச்சு இருந்தது. அதனால் கொஞ்சம் மரியாதையும் கூடியிருந்தது. "உங்க தட்டு நேத்து அந்த வக்கீலை விடவேயில்லீங்ண்ணா" என்று வந்து சொன்னார்கள். அவர் பெருமையைக் காட்டிக்கொள்ளாமல் தலையாட்டிவிட்டு, தூரத்தில் தெரிந்த கறுப்புக் குடையைப் பார்த்தார்.

"உங்க சம்மந்தி குடையை மடக்கறதே இல்லீங்களே," என்றார் கோதண்டபாணி. தன்னுடையதைச் சொல்லி முடித்துவிட்டதால் அவர் இப்போது எல்லோரையும் விட லேசாக இருந்தார்.

"வெயிலுக்குப் புடிக்கறாருங்க."

"வெயிலு எங்கீங்க இருக்குது?"

"அதைத்தான் நானும் பாக்கறேன்," என்றார் நாச்சிமுத்து.

அன்று மாலை அவர் திருமூர்த்தியின் பட்டறைக்குப் போனார். திருமூர்த்தி நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார், டீ வாங்கிவரச் சொன்னார். நாச்சிமுத்து டீயைக் குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசினார். எழுந்துகொண்டு, "ஆட்டம் பாதியில நிக்குதுங்க சம்மந்தி. நாளைக்கு முடிச்சரலாமுங்களா?" என்றார்.

"உங்க தட்டு எறங்கலீங்களே."

"நின்னு பாக்கலாமுங்க. ரெண்டு பேரும் நின்னா எறங்கினாலும் எறங்கும்."

திருமூர்த்தி கொஞ்ச நேரம் கையிலிருந்த காலி டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தார். "சரிங்க," என்றார். நாச்சிமுத்து அந்தச் 'சரிங்க'வை வீடு வரைக்கும் எடுத்துக்கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போகும் வழியில் கோதண்டபாணியைப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். கோதண்டபாணியிடம் சொன்னால் போதும்.

மறுநாள் காலை குட்டையைச் சுற்றிச் சிரிப்புச் சங்கமும் நடைக்காரர்களும் நின்றார்கள். உடற்பயிற்சிக் கம்பிகளில் தொங்கியவர்கள் இறங்கி வந்தார்கள், வாசலில் அருகம்புல் சாறு விற்பவர்கூடக் கடையை விட்டுவிட்டு வந்திருந்தார். எல்லோரும் அவரவர் குடைக்குள் இருந்தார்கள். நடுவே காய்ந்த தரையில் நாச்சிமுத்து மட்டும் குடை இல்லாமல் நின்றார். தட்டின் நிழல் மரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்தது. திருமூர்த்தி வந்து எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

"என்னங்க, திருவிழாவாட்டம் இருக்குது?"

"ஆட்டம் பாக்க வந்திருக்காங்க. குடையை மடக்குங்க சம்மந்தி. குடையோட எப்படி எறிவீங்க?"

"எறியறப்ப மடக்கிக்கறேனுங்க."

"இப்ப மடக்கறதுல என்னங்க? நான் நிக்கலீங்களா? எங்கிட்டக் குடையே இல்லை." குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "எம் பொண்ணு எனக்குப் போன் பண்ணி எத்தனை நாளாச்சு தெரியுமுங்களா? உங்க பையன் எடுக்கறதே இல்லை. நீங்க தெனமும் வந்து குடைக்குள்ள நிக்கறீங்க. என்னதான் இருக்குதுன்னு எல்லாத்துக்கும் தெரியட்டும். மடக்குங்க."

கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திருமூர்த்தி குடையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கம்பியை இறக்கி, துணியைச் சுற்றி, பட்டனைப் போட்டு, கக்கத்தில் வைத்துக்கொண்டார். தலையில் முடி நன்றாக வெளுத்திருந்தது. குடைக்குள் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நிழல் மரத்தடியிலிருந்து கிளம்பியது. காய்ந்த தரையில் வெடிப்புகளின் மேல் ஏறி இறங்கி, ஆள்காட்டிக் குருவி கத்த, கரையேறித் திருமூர்த்தியின் செருப்பைத் தொட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நிழல் அவர் மேல் கொஞ்சம் நின்றது.  பிறகு, வழி கேட்டுத் தெரிந்துகொண்டதைப் போல, அவரை விட்டுத் திரும்பி வந்து நாச்சிமுத்துவின் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வட்டமாக நின்றது.

நாச்சிமுத்து இடதுபக்கம் நகர்ந்தார். அது நகர்ந்தது. பின்னால் போனார். வந்தது.

"ஏனுங்ண்ணா, நீங்களா?" என்றார் கோதண்டபாணி. குரலில் ஒரு சந்தோசம் இருந்தது. குடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு முன்னால் வந்தன. "எறிஞ்சவரே சொல்லட்டும்." "பொண்ணுக்கு ஏதோ பண்ணிட்டாராட்டம் இருக்குது." "பெருசாத்தான் இருக்கும்." நாச்சிமுத்துவின் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய் ஒரு விரலை மடக்கியது. எதை எண்ணுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் தலைக்கு மேல் இருட்டியது. திருமூர்த்தி பக்கத்தில் வந்து குடையை விரித்து அவருக்கு மேல் பிடித்திருந்தார். இருவரும் நெருக்கமாக ஒரே குடைக்குள் நின்றார்கள். திருமூர்த்தியின் சட்டையில் வெல்டிங் வாசம் அடித்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க," என்று அவர் மெதுவாகச் சொன்னார். "வெயிலுக்குப் புடிக்கலீங்க. எம்மேல நின்னா நீங்க கேப்பீங்க. கேட்டாச் சொல்லோணும். சொல்ல வேண்டாமுன்னு அந்தப் புள்ளை சத்தியம் வாங்கிருச்சு."

"என்னங்க சொல்லோணும்?"

"எம் பையன் சரியில்லீங்க சம்மந்தி. கை நீட்டறான். உங்க பொண்ணு தனியா வெளிய வந்து ஒரு சிநேகிதி வீட்டுல இருக்குது. எனக்குச் சொல்லக் கூசுது." குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "உங்களைக் கேட்டுச்சாமா. வரட்டுங்களாப்பான்னு. நீங்க சரீன்னீங்களாமா. சொல்லிட்டு வச்சுட்டீங்களாமா."

நாச்சிமுத்து சட்டைப்பையில் கிடந்த போனைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்குப் போன் பண்ணி அழுவுது. 'அப்பா சரீன்னாருங்க மாமா. ஆனா அது எந்தச் சரீன்னு எனக்குத் தெரியலீங்க மாமா' அப்படீங்குது. நான் அவரைக் கேக்கட்டுமான்னேன். வேண்டாமுன்னுது. நெசமான சரீயா இருந்தா அப்பாவே எப்ப வர்றேன்னு கேட்டிருப்பாரு, அவரா கேக்கட்டும், நீங்க சொல்லிக் கேக்க வேண்டாமுன்னுது. நானும் தெனம் வந்து நிக்கறேன். நீங்க உங்க பொண்ணை இன்னைக்குக் கேப்பீங்க, நாளைக்குக் கேப்பீங்கன்னு."

மூன்றாவது கூடையின் பக்கத்தில் கேட்ட அந்தச் சத்தமில்லாத இடம் நாச்சிமுத்துவுக்குத் திரும்பக் கேட்டது. முட்டிவலிக்கும் மழைக்கும் பிறகு வந்தது. வாசல்படியில் நின்று கேட்கும்போது அப்படி ஒரு இடைவெளி இருந்ததில்லை. இது அந்த 'வரட்டுங்களா' இல்லை என்று அப்போதே காதுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அக்கம்பக்கம் என்ன கேட்கும் என்பதும் சேர்ந்தே தெரிந்தது. அதனால் பழைய 'சரி'யை எடுத்துச் சொல்லிவிட்டு, தட்டைப் பலமாக எறிந்தார்.

அவர் குடையை விட்டு வெளியே வந்தார். நிழல் காலடியில் வந்து நின்றது.  போனை எடுத்தார். அங்கே இப்போது சாயங்காலம் முடிந்திருக்கும். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"வேலையா இருக்கேங்ப்பா," என்றது சிந்துஜாவின் குரல்.

"வா," என்றார் நாச்சிமுத்து.

"என்னங்ப்பா?"

"கேட்டீல்ல கண்ணு. வா. வீட்டுக்கு வா."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை.

கூட்டம் இதற்காக இவ்வளவு நேரம் நிற்கவில்லை. "இவ்வளவுதானா?" என்றார் ஒருவர். "பொண்ணை வான்னு கூப்பிடறதுல என்னங்க தப்பு இருக்குது? வேற என்னமோ மறைக்கறாரு," என்றார் அருகம்புல் சாறுக்காரர். பெரியது ஒன்று உள்ளே இருக்கிறது, சின்னதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார் என்று கோதண்டபாணி பக்கத்துக் குடைக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, மேலே சுழன்ற தட்டு சுழற்சி தளர்ந்து, எந்தத் தட்டும் விழுவதைப் போலச் சரிந்து வந்து, நாலாவது கூடையின் சங்கிலியை உரசிச் சத்தம் போட்டுவிட்டு, எலுமிச்சம்பழத்தைத் தட்டிவிட்டு, கூடைக்குள் விழாமல் பக்கத்துப் புல்லில் விழுந்தது.

எல்லோரும் அங்கே ஓடினார்கள். தொடலாமா கூடாதா என்று சத்தம் எழுந்தது. குடைகள் கூடையைச் சுற்றி ஒன்றின் மேல் ஒன்றாக மோதின. திருமூர்த்தியும் கழுத்தை நீட்டி அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரஞ்சுத் தட்டு கூடைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. வெள்ளைத் தட்டு தள்ளி, கரையில். அடுத்து எறிய வேண்டியவர் திருமூர்த்தி. நாச்சிமுத்து போனைக் காதில் வைத்தபடியே கரையேறிப் போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, சம்பந்தியின் தட்டைச் சுற்றி வளர்ந்திருந்த புல்லை ஒரு கையால் விலக்கி, விளிம்பில் ஏறியிருந்த எறும்புகளை ஊதிவிட்டார்.